காசல்ரீக் குடாவின் மூன்று நீர்கள்

பெப்ரவரி 9, ஞாயிறு

பொகவந்தலாவைத் தேயிலை மலைகளின் நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு நோர்வூட் வழியே இறங்கும் கெசல்கமு ஓயாவைத் தடுத்து, நோர்ட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தின் பொருட்டு 1965இல் உருவாக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கம், மலையிடுக்குகள்தோறும் குடாக்களாகப் புகுந்து கிடக்கிறது. தோட்டத்து ஓடையொன்று வந்து விழும் அத்தகைய குடா ஒன்றில், ஓடைமுகம், நடு, வாய் என்னும் மூவிடங்களிலும் இன்று நுண்கண் வலையை இழுத்தேன். உரோமாபுரி வானியலறிஞர் அஞ்சலோ செக்கி 1865இல் கடலில் சோதித்த வெண்தட்டை இங்கே இறக்கிப் பார்த்தபோது, வாய்ப்புறத்தில் நெடுந்தூரம் ஆழ்ந்தும் புலப்பட்ட அது, ஓடைமுகத்தில் சற்றே இறங்கியதும் பச்சை நீரில் மறைந்துவிட்டது.

"மூலைப் பக்கம் வெயில் காலத்துல எப்பவும் இப்படித்தான் சேர்" என்றார், திலாப்பியாவுக்கு வலை விரிக்கும் படகுக்காரர்.

பெப்ரவரி 10, திங்கள்

நீரின் போக்கிலே அலையும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு 1887இல் பிளாங்டன் என்று நாமகரணம் செய்தவர் விக்டர் ஹென்சன். நேற்று வலையில் சேர்ந்த அக்கூட்டத்தை நுணுக்குக்காட்டியின் கீழே பார்த்தபோது, ஓடைமுகத்து நீர் முழுவதும் மைக்குரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியின் திரள்களாகவே இருந்தது. தன் கலங்களிலுள்ள வாயுப்பைகளால் மேலே மிதக்கும் இப்பாசி, காற்று ஒதுக்கும் கரையில் படலமாகத் திரள்வதோடு, மலைச்சரிவின் உரத்திலிருந்தும் அரித்த மண்ணிலிருந்தும் ஓடை கொணரும் பொசுபரசை உண்டு, அசையாத வெதுவெதுப்பான நீரிலே செழிக்கிறது. வாய்ப்புறத்திலோ பச்சை அல்காக்களும், அவற்றை மேயும் சைக்கிளொப்ஸ் என்னும் நுண்விலங்கும் மிகுந்து, பாசித்திரள் அருகிக் காணப்பட்டது.

ஜூன் 22, ஞாயிறு

தென்மேல் பருவமழை ஓடையைச் செந்நிறமாக்கிவிட்டது. வெள்ளம் பாசிப்படலத்தைக் கலைத்துச் சென்றபின், ஒளி குன்றிய அந்தக் கலங்கல் நீரில், சிலிக்கா ஓடுடைய தயற்றங்கள் என்னும் பாசிகளே மேலோங்கியுள்ளன. கனத்த ஓட்டால் அமிழ்ந்துபோகக்கூடிய அவற்றைக் கலங்கலின் சுழற்சியே தாங்கி நிற்கிறது. சில நாட்களிலே இனம் பெருக்கும் ரொட்டிபர்கள் என்னும் நுண்விலங்குகள் ஓடைமுகத்திலும் தரித்திருக்க, வளர நெடுநாள் வேண்டும் சைக்கிளொப்ஸோ, வெள்ளம் அடித்துச்செல்லாத வாய்ப்புறத்திலேயே நிலைகொண்டிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு கூடைக் கொழுந்தைக் கொண்டு மலை முழுவதையும் மதிப்பிடுவோர் உண்டோ? ஆயினும் நடுநீரில் எடுத்த ஒரு குப்பியைக் கொண்டு நீர்த்தேக்கம் முழுவதும் நலம் என்று முடிவு கட்டும் வழக்கம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. இதே மலைநாட்டில், 1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கத்திலே 1991இல் மைக்குரோசிஸ்டிஸ் பெருகிப் படர்ந்ததை நாம் மறத்தலாகாது. இப்பாசியின் சில வகைகள் சுரக்கும் நஞ்சு ஈரலைத் தாக்குவது. நீரைக் கொதிக்க வைப்பதாலும் அது அழிவதில்லை.

குடாவின் ஓரங்களிலேதான் லயத்துப் பெண்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள். எனவே பரிசோதனைக் குப்பி முதலில் நிறைய வேண்டிய இடம் ஓடைமுகமே. நிறைய வேண்டிய காலம், மழைக்காலத்தோடு கோடையும் ஆகும். நடுநீரையும் ஓரத்தையும் கூட்டிச் சராசரி காண்பது கணக்குக்குப் போதுமானதாகலாம். ஆனால் சராசரி நீரை எந்த மனிதனும் அள்ளுவதில்லை, தன் காலடியில் கிடக்கும் நீரையே அள்ளுகிறான்.