யாம் கேளாத விடை

ஆண்டுகள் சில முன்னர், வகுப்பிலே வினாவொன்று நிகழ்த்தினோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து விடை பகர்ந்தார். அவர்தம் உதடுகள் அசைந்தன. சொல் எம் செவிக்கு எட்டவில்லை. "வாயினுள் முணுமுணுத்தல் விடையாகாது, உட்காரும்" எனக் கடிந்தோம். வகுப்பு நகைத்தது. அவர் முகங்கவிழ்ந்து அமர்ந்தார். குறை அவர் நாவிலன்று, எம் செவியிலேயே இருந்தது. மெய்யுரைப்பின், அதனை ஓரளவு அறிந்திருந்தும் ஒப்புக்கொண்டோமில்லை.

எம் அன்னையாரும் நடுவயதிலேயே செவிப்புலன் குன்றியவர். சந்தை இரைச்சலிற் பேசினால் விளங்கிக்கொள்வார். அமைதியான வீட்டிலே கேளார். "வேண்டும்பொழுது மட்டும் கேட்கின்றது" என யாம் பரிகசித்ததுண்டு. எமக்கும் அவ்வாறே நேர்ந்தபின்னரே வைத்தியரை நாடினோம்.

அவர் உரைத்தது யாதெனின்: செவிப்பறைக்கு அப்பால் ஒன்றோடொன்று பிணைந்த மூன்று சிற்றெலும்புகள் உள. அவற்றுள் இறுதியாகிய அங்கவடி எலும்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவினது. உடலெலும்புகள் யாவற்றினும் சிறியது. ஓட்டோஸ்கிளெரோசிஸ் என்னும் நோயில் அதனடியிலே புது எலும்பு வளர்ந்து அதனை இறுக்கிவிடுகின்றது. ஒலி உட்செவி புகுதல் தடைப்படுகின்றது. இந்நோய் குடும்பவழி வருதலும் உண்டு. இரைச்சலிடையே பேச்சு நன்கு கேட்பது அதன் குறிகளுள் ஒன்றாம்.

நிற்க, இந்நோய்க்குரிய ரண சிகிச்சையின் வரலாறு வியக்கத்தக்கது. 1938-இல் நியூயார்க்கில் ஜூலியஸ் லெம்பெர்ட் உட்செவி எலும்பிலே புதியதொரு சாளரம் திறந்து ஒலிக்கு வழி செய்தார். 1952-இல் சாமுவேல் ரோசன் இறுகிய எலும்பையே அசைத்து விடுவித்தார். ஆயினும் பலர்க்கு அது மீண்டும் இறுகிற்று. 1956-இல் மெம்பிஸ் நகரத்து ஜான் ஷீ அதனை அகற்றி, டெஃப்லானால் இயன்ற செயற்கை எலும்பைப் பொருத்தினார். இக்காலத்திலோ எலும்பின் அடித்தகட்டிலே நுண்துளையிட்டு, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள தண்டொன்றை நாட்டுகின்றனர்.

சிகிச்சை பெற்ற செவி முற்றும் கேளாதொழிதலும் அரிதாய் நேர்வதுண்டென வைத்தியர் மறையாது கூறினார். ஓரிரவு உறக்கமின்றிக் கழித்து இசைந்தோம். செவியை மட்டும் மரக்கச் செய்து சிகிச்சை நடந்தது. முடிவில், "கேட்கின்றதா?" என்று அவர் மெல்ல வினவியது கேட்டது. சில வாரங்களுக்குப்பின் வகுப்பிலே, கரும்பலகையிற் சுண்ணக்கட்டி உராயும் ஒலி கேட்டுத் திடுக்கிட்டோம். அப்படியோர் ஒலி உண்டென்பதையே மறந்திருந்தோம்.

அன்னையார் இன்றில்லை. அவர்க்கும் இது கிட்டியிருக்கக்கூடும். பரிகசித்தோமேயன்றி, ஒருமுறையேனும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோமில்லை.

அம்மாணவரும் கல்வி முடித்துச் சென்றுவிட்டார். இவ்விதழ் பழைய மாணவர் கைக்கும் செல்லுமாதலின், அவரிடம் ஈண்டு மன்னிப்பு வேண்டுகின்றோம். அன்று அவர் கூறிய விடை யாதென இன்றும் அறியோம். ஒருநாள் வந்து அதனை மீண்டும் கூறுவாராக. கடைசி வரிசையிலிருந்தே கூறலாம்.