எஃகும் ஆய்தமும்

தமிழ் பயிலும் மாணவன் இரும்பைப் பற்றி எழுதப் புகுவது எற்றுக்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். எஃகு எமக்கு இலக்கண வகுப்பிலேயே அறிமுகமான பொருள் என்பதே யான் கூறும் விடை. ஆய்தத் தொடர்க் குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் சொல் 'எஃகு' அன்றோ! அச்சொல்லில் ஆய்தம் அரை மாத்திரை. ஈற்று உகரமும் குறுகி அரை மாத்திரை. ஆயினும் அவ்வரை மாத்திரை ஆய்தத்தை நீக்கிவிடின் சொல் சொல்லாய் நில்லாது. சிற்றளவினதாகிய ஒன்று முழுமையின் இயல்பையே மாற்றுதல் சொல்லில் மட்டுமன்று, பொருளிலும் உண்டு என்பதே இக்கட்டுரையாற் கூறக் கருதியது.

வேறொரு காரணமும் உண்டு. எந்தையார் இரயிற் பெட்டிகளைச் செப்பனிடும் பணிமனை ஒன்றில் பற்றவைப்புத் தொழில் புரிபவர். யான் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தபோது, "தமிழ் கற்று இவன் என் செய்வான்?" என உறவினர் பலர் கூறினர். எந்தையார் ஒன்றும் கூறிற்றிலர். அவர் தொழிலைப் பற்றி யான் வினவத் தொடங்கிய பின்னரே எம்மிருவர்க்கும் பேசுதற்குரிய பொருள் மிகுதி என்பது விளங்கிற்று.

அவர் பல்லாண்டுகளாக வெட்டியும் ஒட்டியும் வருவது 'கார்ட்டென்' என்னும் எஃகுத் தகடு. 1933ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனத்தார் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். நிலக்கரி ஏற்றும் சரக்குப் பெட்டிகளே இதன் முதற் பயன். இதிற் சேரும் செம்பு நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு. குரோமியம் ஒரு பங்கை ஒட்டியது. நிக்கல், சிலிக்கன், பாஸ்பரஸ் என்பன அதனினும் குறைவு. அனைத்தையும் கூட்டினும் நூற்றில் நான்கு பங்கை எட்டா. ஆயினும் சாதாரண எஃகு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு இழுவிசையில் நிலையாக நீளத் தொடங்க, இது 50,000 பவுண்டு வரை தாங்கும். ஆகவே தகடு மெலிதாகலாம். பெட்டியின் எடை குறையும். ஏற்றும் சுமை மிகும்.

கரியை மிகுதியாகச் சேர்ப்பினும் எஃகு வலிமை பெறுமே எனின், பெறும். ஆயின் அவ்வலிமையோடு நொறுங்கும் இயல்பும் உடன்வரும். பற்றவைத்த இடத்தில் வெடிப்பும் தோன்றும். கரியைக் குறைத்துப் பிற உலோகங்களைச் சிறிது சேர்த்தலே இவ்வகை எஃகின் நுட்பம். பிற்காலத்தில் நையோபியம் என்னும் உலோகம் பதினாயிரம் பங்கிற் சில பங்கே சேர்க்கப்பட்டது. அது கரியோடு கூடிக் கண்ணுக்குப் புலனாகா நுண்டுகள்களாகி, எஃகின் மணிகள் பருத்து வளராதவாறு தடுக்கும். மணி சிறுக்குந்தோறும் எஃகு வலிமையும் உறுதியும் ஒருங்கே பெறும். எரிவாயுக் குழாய்த் தொடர்களும் மோட்டார் வண்டிச் சட்டங்களும் இன்று இத்தகைய எஃகால் ஆவன.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1943ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் கல்கத்தாவில் திறக்கப்பெற்ற ஹௌரா பாலத்தின் 26,500 டன் எஃகில் 23,000 டன், டாட்டா நிறுவனத்தார் வடித்துத் தந்த 'டிஸ்க்ரோம்' என்னும் உயர்வலி எஃகாகும். போர்க்காலத்தில் உள்நாட்டிலேயே உருவாகிய அவ்வெஃகினால், 1,500 அடி இடைவெளியை ஆற்றின் நடுவே ஒரு தூணுமின்றிக் கடந்து, தறையாணிகளால் இணைந்து நிற்கிறது அப்பாலம்.

நிற்க. கார்ட்டெனின் வியத்தகு பண்பு அதன் துருவே. சாதாரண இரும்பின் துரு பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து உள்ளிருப்பதையும் தின்னும். இதன் துருவோ செம்பும் குரோமியமும் கூடிய செறிந்த படலமாய் ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கும். ஆயின் நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ்ந்தாலன்றி அப்படலம் செவ்வனே அமையாது. அட்லாண்டா நகரில் 1972ஆம் ஆண்டு இவ்வெஃகால் எழுப்பிய ஆம்னி அரங்கில், ஈரக் காற்றினால் துரு எதிர்பார்த்தவாறு நில்லாது வளர்ந்தது. 1997இல் அரங்கமே இடிக்கப்பட்டது. ஹௌரா பாலத்தின் தூக்குத் தண்டுகளது அடிமூடிகளையும் வழிப்போக்கர் உமிழும் வெற்றிலை எச்சில் அரித்தமை 2011ஆம் ஆண்டளவில் வெளிப்பட, கண்ணாடியிழை உறைகள் இடவேண்டியதாயிற்று.

எந்தையார் இதனை நூலிற் கற்றவரல்லர். "துருவே இதற்குச் சட்டை, தம்பி. தண்ணீர் தேங்கினால் சட்டையே உடம்பைத் தின்றுவிடும்" என்பார். கழிப்பறையின் அடியிலும் வாயிற்படியின் அருகிலும் அரிக்கப்பட்ட தகட்டை அறுத்தெடுத்துப் புதியது பொருத்துவதே அவர் நாள்தோறும் ஆற்றும் பணி. பெரம்பூரில் பழைய வகைப் பெட்டிகள் கட்டுதல் 2018ஆம் ஆண்டில் நின்றது. புதியனவற்றின் சுவரும் கூரையும் துருவேறா எஃகினால் ஆவன. பழையன ஒழியும்போது, நெருப்பின் நிறங்கண்டு தகட்டின் இயல்புரைக்கும் அவர்தம் அறிவும் எழுதப்படாமலே ஒழியுமோ என அஞ்சுகிறேன்.

ஆகவே சென்ற விடுமுறையில் அவர் கூறுவனவற்றை ஓர் ஏட்டில் எழுதலானேன். அவ்வேட்டில் இவ்வகை உலோகத்துக்கு 'உயர்வலிச் சிறுகலவை எஃகு' எனப் பெயரிட்டு அவர்க்குப் படித்துக் காட்டினேன். "சிறுகலவை என்றது சரி, பற்றவைக்கும் கம்பியும் அதற்கேற்றதாக வேண்டும் என்பதையும் எழுது" என்றார். எழுதினேன். தமிழ் கற்று என் செய்வான் என்றார்க்கு யான் தரக்கூடிய விடை இப்போதைக்கு அவ்வேடு ஒன்றே.