உபரி

இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னுடையதல்ல. எங்கிருந்தோ வரும் ஒரு துண்டுக் கணக்கை விடியும்வரை போட்டுக்கொண்டிருக்கும். ஃபோல்டிங் அட் ஹோம் என்பது திட்டத்தின் பெயர்; 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டேயின் குழு ஆரம்பித்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பெரும்பாலான புரதங்கள் தமக்குரிய உருவத்தில் மடங்கிக்கொண்டால்தான் உடம்பில் காரியம் நடக்கும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பல புரதங்கள் மடங்கிவிடுகின்றன. அதைக் கணக்கில் பின்தொடர்வதென்றால், ஒரு நொடியைக் கோடானுகோடிக் கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் ஒவ்வொரு அணுவும் எங்கே நகர்கிறது என்று பார்க்க வேண்டும். தனி யந்திரத்துக்கு இது ஆகாத காரியம். அதனால் வேலையைத் துண்டாக்கி, ஊர் உலகத்தில் சும்மா கிடக்கும் யந்திரங்களுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வருபவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2020 மார்ச்சில், கொரோனா வைரஸின் புரதங்களை ஆராயவென்று லட்சக்கணக்கானவர்கள் இதில் சேர்ந்தார்கள். ஏப்ரலில் நானும் சேர்ந்தேன். சும்மா கிடப்பதை வேலைக்கு அனுப்புவதுதானே வங்கியின் தர்மம். இருநூறு வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரவுக்குப் பத்து மணிநேரம், இரண்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு நூற்றிருபது. கணக்குப் போட்டுப் பார்த்து, கொடுக்கலாம் என்றே தீர்மானித்தேன். எந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு முன்னுரிமை என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அப்பாவுக்கு டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று, அல்ஸைமர் என்று மாற்றிக் குறித்தேன்.

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதைத்தான் இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

முடித்த துண்டுகளுக்குப் புள்ளிகள் தருவார்கள். காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது புள்ளிகளைத்தான், அப்பாவை அல்ல. முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர் அவர். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் அவருக்கு ஆபீஸ் ஃபேன். ஓர் இரவு கதவருகில் வந்து நின்று, "சார், எல்லாரும் போயாச்சு. நான் ஃபேனை நிறுத்திட்டுக் கிளம்பட்டுமா?" என்றார். என்னைத்தான் சார் என்றார். "காலையில பாத்துக்கலாம், நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த புத்தகத்துக்குத் திரும்பினேன். வராந்தாவில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தாராம். மனைவிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்திருக்கிறாள்.

அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் விடை போகாவிட்டால் அதே துண்டு வேறு யாருக்காவது போய்விடும்; காரியம் நிற்காது. எங்கள் வீட்டிலும் காரியம் நிற்கவில்லை. நான் எடுத்துக்கொள்ளாத மணிநேரங்கள் எல்லாம் அவளுக்குப் போயின. அவளுக்குப் புள்ளிகள் இல்லை.

கொடை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் என்னுடையது எதுவும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கொடுத்தது மின்சாரம், யந்திரத்தின் உபரி நேரம். அதனால் அந்த ஆராய்ச்சிக்கு எந்தக் குறையும் இல்லை. யார் கொடுத்தாலும் கணக்கு கணக்குதான். கொடுப்பவனின் யோக்யதை அதற்கு வேண்டாம். தவறு நான் அதைக் கொண்டு என் மனச்சாட்சிக்கு ரசீது போட்டுக்கொண்டதில்தான் இருக்கிறது. அப்பா கேட்டது உபரி நேரத்தை அல்ல. என்னிடம் உபரியாக நேரம் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் ஏழிலிருந்து ஒன்பது வரை, வங்கியிலிருந்து வந்தபின் படிக்கவும் எழுதவும் வைத்திருந்த இரண்டு மணிநேரம். என் வாழ்க்கையில் எனக்கென்று நான் மதித்தது அது ஒன்றைத்தான்.

யந்திரத்தை நான் நிறுத்தவில்லை. இரவில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு அப்பாவின் பக்கத்தில் உட்காருகிறேன். சில நாள் நான் அவருக்கு மேலதிகாரி, சில நாள் புதிதாகச் சேர்ந்த பையன். ஒரே கடிதத்தை நான் சொல்லச் சொல்ல, போர்வையின் மேல் விரல்களால் டைப் அடிக்கிறார். சில நாள் எரிச்சலாக இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

இந்த இதழுக்கு ஒப்புக்கொண்ட விமர்சனக் கட்டுரையை என்னால் முடிக்க முடியவில்லை. ஆசிரியர் கேட்டார். காரணம் இதுதான்.