முதல் இரண்டு தோல்விகளுக்குப் பிறகு

பெங்களூர் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் டீக்கடைப் பேச்சில் பாதி தமிழ். அந்தத் தமிழில் பாதி கால்பந்து. பக்கத்து கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசிலின் பெலேவும் சிலையாக நிற்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 செப்டம்பர் கடைசியில் நான் போனபோது கடை களையிழந்திருந்தது. ஐ.எஸ்.எல். சீசன் தொடங்கி ஒரு வாரம்தான். பெங்களூர் எஃப்.சி. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 1-2, கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0-1 என்று இரண்டு ஆட்டங்களையும் பறிகொடுத்திருந்தது. பெஞ்சு ஓரத்தில் இருந்த ஆட்டோ ஓட்டும் இளைஞர் மட்டும் அசரவில்லை. “போன வருஷமும் இப்படித்தானே சார்?”

உண்மைதான். 2022-23இல் ஹைதராபாத், ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் என்று வரிசையாகத் தோற்ற அணி, பிற்பாதியில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே மோகன் பகானிடம் பெனால்டியில் தோற்றதை அவர் சொல்லவில்லை. நானும் கிளறவில்லை.

அக்டோபர் 4 அன்று அவரோடு அல்சூரில் மெட்ரோ ஏறி கன்டீரவா ஸ்டேடியத்துக்குப் போனேன். ஈஸ்ட் பெங்கால்தான் முதலில் கோல் போட்டது. சுனில் சேத்ரி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு ஹாவி ஹெர்னாண்டஸ் அந்தரத்தில் புரண்டு ஓர் உதை விட்டார். 2-1. இளைஞர் என் தோளைப் பிடித்து உலுக்கியதில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

அந்த சீசனில் கிடைத்தது பன்னிரண்டு அணிகளில் பத்தாம் இடம். 2025 ஏப்ரலில் மறுபடி இறுதி ஆட்டம். மறுபடி மோகன் பகானிடமே தோல்வி. மறுநாள் போன் செய்தேன்.

“அடுத்த சீசன் எப்போ ஆரம்பம்னு ஏதாவது தெரியுமா சார்?” என்றார்.