ஆவினன்குடியில் ஒரு முதற்பழம்

பழநி என்றதும் நம் மனக்கண்ணில் முதலில் எழுவது மலையும், அதன் உச்சியில் கோவணமும் தண்டமுமாக நிற்கும் ஆண்டியின் திருக்கோலமுமே. ஆயினும், படியேறுவதற்கு முன் அடிவாரத்திலுள்ள திருஆவினன்குடியில் குழந்தை வேலாயுதனை வணங்கிச் செல்வதே பெரியோர் வகுத்த முறை. ஆறுபடை வீடுகளுள் மூன்றாவதாக நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் குறிப்பிடுவதும் இந்த ஆவினன்குடியைத்தான். திருமகள், காமதேனுவாகிய ஆ, இனன் எனப்படும் சூரியன், கு எனும் நிலமகள், டி எனும் அக்கினி ஆகிய ஐவரும் வழிபட்டதால் இப்பெயர் அமைந்தது என்பர். மலைமேல் துறவியாக நிற்பவன் இங்கே மயில்மீது அமர்ந்த குழந்தை. தலவிருட்சம் நெல்லி, தீர்த்தம் சரவணப்பொய்கை.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து வளர்பிறை நாளொன்றில், ஆறு மாதம் நிறைந்த பேரனை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தோம். என் மகளுக்கு மணமாகி ஏழு ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளை அவன். அந்த ஏழு ஆண்டுகளில் ஒருநாள், பழநி மலைமேல் நின்று நான் வேண்டிக்கொண்டேன். "முருகா, எங்கள் வீட்டில் ஒரு குழந்தை தவழட்டும். அதன் நாவில் வைக்கும் முதல் உணவு உன் அபிஷேகப் பஞ்சாமிர்தமாகவே இருக்கும்." இந்த வேண்டுதலை நான் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. புறப்படும் நாளன்று காரில்தான் சொன்னேன்.

திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குச் செல்லும் சாலையில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினால் விருப்பாட்சி வரும். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர் இது. இங்கிருந்து தெற்கே எழும் மலைச்சரிவுகளில் விளையும் வாழைக்கும் ஊரின் பெயரே அமைந்துவிட்டது. விருப்பாட்சி மலைவாழைப்பழம் உருவத்தில் சிறியது, மணம் மிகுந்தது, சதையில் நீர்ப்பற்று குறைவு. பழநிப் பஞ்சாமிர்தம் ஒரு சொட்டு நீரும் சேர்க்காமல் பிசையப்படுவதற்கும், பல நாள் கெடாமலிருப்பதற்கும் இந்தப் பழத்தின் இயல்பு ஒரு முக்கியக் காரணம்.

இந்த வாழையை எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். வங்கிப் பணியின் தொடக்க காலத்தில் இப்பகுதிக் கிளையொன்றில் விவசாயக் கடன்களைக் கவனித்து வந்தேன். முடிக்கொத்து நோய் மலைவாழையை அழித்திருந்த காலம் அது. அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரியால் வரும் இந்நோய் கண்ட வாழையில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். அது குலை தள்ளாது. தலைமுறைகளாக வாழை வைத்திருந்த குடும்பங்கள் காப்பிக்கும் மிளகுக்கும் மாறின. கடனைத் திருப்ப இயலாமல் தலைகுனிந்து நின்ற பெரியவர்களை நான் மறக்கவில்லை. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளால் மலைவாழை ஓரளவு மீண்டது. பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. ஆகவே விருப்பாட்சியில் வண்டியை நிறுத்தி ஒரு சீப்பு வாங்கியபோது என் மனம் நிறைந்திருந்தது. அந்த நிறைவில்தான் வேண்டுதலைப் பற்றி வாய் திறந்தேன்.

மகள் உடனே, "அப்பா, பஞ்சாமிர்தம் மட்டும் வேண்டாம்ப்பா. அதில் தேன் இருக்கு. ஒரு வயசு முடியும்வரை தேன் ஒரு துளிகூடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்கார்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "உனக்குப் பிறந்த அன்றே உன் பாட்டி தேன் தொட்டுச் சேனை வைத்தாள். நீ நன்றாகத்தானே இருக்கிறாய்? முருகன் பிரசாதம் குழந்தைக்குக் கெடுதல் செய்யுமா?" என்று கேட்டேன். மகள் கண்கலங்கினாள். மாப்பிள்ளை சாலையைத் தவிர வேறெதையும் பாராதவராக வண்டியோட்டினார். பழநி வரும்வரை எவரும் பேசவில்லை. நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஊரை நெருங்கி மலை தெரிந்தது. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, மெல்லச் சொன்னாள்: "ஏங்க, பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறினவர் அங்கே ஒருத்தர் இருக்கார். ஒருத்தர் போதும்."

தலவரலாறு அனைவரும் அறிந்ததே. நாரதர் கொணர்ந்த கனியை, உலகை முதலில் வலம் வருபவருக்கே தருவதாகச் சிவபெருமான் அறிவிக்கிறார். முருகன் மயிலேறி உலகைச் சுற்றுகிறான்; பிள்ளையார் பெற்றோரைச் சுற்றி வந்து கனியைப் பெறுகிறார். சினந்து வந்து நின்ற மகனை, "பழம் நீ" என்று சமாதானம் செய்தனர் என்பது ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் காரணம். எத்தனையோ முறை கேட்ட கதைதான். அதில் என்னை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதை அன்றுதான் அவள் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வேண்டுதல் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

ஆவினன்குடியில் அர்ச்சனைத் தட்டில் தேங்காயோடு அந்த மலைவாழைப்பழங்களையும் வைத்துக் கொடுத்தேன். தீபாராதனை முடிந்தபின், குருக்களிடம் தயங்கியவாறே என் மனக்குறையைச் சொன்னேன். வயதில் என்னிலும் மூத்தவர். தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் விபூதியிட்டு என் கையில் தந்தார். "பஞ்சாமிர்தத்துக்கு மூலம் இந்தப் பழந்தானே! இதைக் கொடுங்கோ. மீதி நாலும் ஒரு வயசுக்கு மேல் சேரட்டும். சுவாமி கணக்கில் தவணை உண்டு" என்றார். நான் வங்கியில் பணிபுரிந்தவன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பிராகாரத்தில் கூட்டமில்லாத ஓரிடத்தில் அமர்ந்தோம். மகள் கைகளைக் கழுவி வந்து, வீட்டிலிருந்து கொதிநீரில் கழுவிக் கொணர்ந்த கிண்ணத்தையும் சிறு கரண்டியையும் எடுத்தாள். தோலில் கரும்புள்ளி விழும் அளவுக்குக் கனிந்த பழம் அது. அதன் நடுப்பகுதியைச் சிறிது எடுத்து, கட்டியில்லாமல் மசித்து, காய்ச்சி ஆறிய நீரால் தளர்த்தினாள். பிறகு கரண்டியை என்னிடம் நீட்டி, "நீங்களே கொடுங்கப்பா" என்றாள்.

மாப்பிள்ளையின் மடியில் முதுகு சாய்ந்து, கழுத்து நிமிர்ந்து அமர்ந்திருந்தான் பேரன். கரண்டி நுனியளவு பழத்தை அவன் உதட்டில் வைத்தேன். முகத்தைச் சுளித்தான். உடம்பு சிலிர்த்தது. நாவால் தள்ளிய பழம் மோவாயில் வழிந்தது. "பிடிக்கவில்லையோ?" என்று பதறினேன். "முதலில் அப்படித்தான் அப்பா, பால் குடித்தே பழகிய நாக்கு" என்றாள் மகள். வழிந்ததை வழித்து மீண்டும் வைத்தேன். இம்முறை சற்று யோசிப்பவன்போல் இருந்தான், பிறகு விழுங்கினான். மூன்றாம் முறை கரண்டியைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது. அன்று அவன் உண்டது இரண்டு தேக்கரண்டிகூட இராது. அதற்குமேல் வேண்டாமென்று மகள் நிறுத்திவிட்டாள்.

அன்றிரவு, தேனைப் பற்றி மருத்துவர் கூறியதை எனக்குப் பொறுமையாக விளக்கினாள். தாத்தா பாட்டிகள் பலருக்கும் இது புதிய செய்தியாக இருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன். தேன் எவ்வளவு தூயதாயினும், மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். நம் குடலில் அவை முளைக்க இயலாமல் வெளியேறிவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடல் அவ்வளவு முதிர்ச்சி அடைந்திராது. அங்கே முளைத்து நஞ்சைச் சுரந்தால், மலம் இறுகும், அழுகுரல் மெலியும், பால் குடிக்கும் வலு குறையும், மூச்சுக்கும் ஆபத்து நேரும். அரிதாகவே வருவது, வந்தால் கடுமையானது. வீட்டில் காய்ச்சுவதால் அவ்வித்துகள் அழிவதில்லை. இது பிரசாதத்தின் குறையன்று, தேனின் இயல்பு. சேனைக்கும் இதே விதி பொருந்தும். அன்னப்பிராசனத்தில் தயிர், நெய்யோடு தேனையும் சேர்க்கும் பழைய வழக்கத்தைப் பின்பற்றும் குடும்பங்கள் தேனை மட்டும் தவிர்த்துவிடலாம்.

மற்றவற்றில் நம் முன்னோர் வகுத்ததும் இன்றைய மருத்துவம் சொல்வதும் பெரிதும் இணைந்தே செல்கின்றன. ஆறாம் மாதத்தில் அன்னம் ஊட்டுவதைத் தர்ம நூல்கள் கூறுகின்றன; ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு பிற உணவு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும். ஒரு நேரத்தில் ஒரே பழம். அது ஒத்துக்கொள்கிறதா என்று இரண்டு மூன்று நாள் பார்த்தபின் அடுத்தது. வாழையும் பப்பாளியும் நன்கு கனிந்திருந்தால் மசித்தாலே போதும். ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றைத் தோல் நீக்கி ஆவியில் வேகவைத்து மசிக்க வேண்டும். திராட்சையை முழுதாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பழத்தில் சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை. பழச்சாறும் ஒரு வயதுவரை வேண்டியதில்லை. பழம் மட்டுமே உணவாகிவிடவும் கூடாது; இரும்புச்சத்துக்குக் குழைந்த பருப்புச் சாதமும் கீரையும் உடன் வரவேண்டும்.

இந்த ஆண்டு மாசியில் அவனுக்கு ஒரு வயது நிறைந்தது. தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு இழுவை ரயிலில் வர, நானும் என் மனைவியும் நின்று நின்று அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறினோம். ராஜ அலங்காரத்தில் தண்டாயுதபாணியைத் தரிசித்து, தென்மேற்கிலுள்ள போகர் சந்நிதியிலும் வணங்கினோம். தேவஸ்தானக் கடையில் பஞ்சாமிர்த டப்பா ஒன்று வாங்கினோம். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பசுநெய், ஏலக்காய் ஆகிய ஐந்தோடு பேரீச்சையும் கற்கண்டும் சேர்ந்த இப்பிரசாதம் 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தமிழகக் கோயில் பிரசாதங்களில் அப்பெருமையைப் பெற்ற முதலாவது இதுவே.

மகளைப் பார்த்தேன். தலையசைத்தாள். கற்கண்டும் பேரீச்சைத் துண்டும் வராமல், விரல் நுனியில் சிறிதளவு தொட்டு அவன் நாவில் வைத்தேன். கண்கள் விரிந்தன. என் விரலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு விடவே இல்லை.

"தவணை முடிந்ததா?" என்று கேட்டாள் என் மனைவி.

முடிந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவனை நடக்கவிட்டு, முடிந்தவரை படியேற்றி அழைத்து வருவதாக வேண்டிக்கொண்டு இறங்கினோம். இம்முறை வேண்டுதலை மகளிடமும் சொல்லிவிட்டேன்.

எப்படிச் செல்வது: பழநி, திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. திண்டுக்கல்–பொள்ளாச்சி ரயில் பாதையில் பழநி ஒரு நிலையம். திருஆவினன்குடி, மலையடிவாரத்தில் கிரிவலப் பாதைக்கு அருகிலேயே அமைந்துள்ளது. கைக்குழந்தையோடு செல்வோர் விசேட நாள்களைத் தவிர்த்து, வெயில் ஏறுமுன் காலையில் செல்வது நலம்.