வடக்கு யன்னல்

"உன்ர முகத்தை ஒழுங்காப் பார்க்க ஒரு படம் அனுப்பு மோனை." யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடவுச்சீட்டுப் படம் தவிர என்னிடம் எதுவுமில்லை.

ஒஸ்லோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஏறக்குறைய 6 மணித்தியாலம்தான் நீடிக்கும். ஞாயிறு 11 மணிக்கே தயாரானேன். கட்டில் போக அறையில் மிஞ்சுவது 4 அடி. ஒரே யன்னல், வடக்குப் பார்த்தது. வெயில் நேரே விழாது. வெளிச்சம் மென்மையாக, ஒரே சீராக வரும். மஞ்சள் மின்குமிழை அணைத்தேன். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகம் காய்ச்சல்காரனுடையது போலாகும். யன்னலுக்குப் பக்கவாட்டாக நின்றேன். மறுகன்னம் இருண்டுபோகாமல் கதிரையில் வெள்ளை விரிப்பொன்றைத் தொங்கவிட்டேன். கைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து, பின்பக்கக் கமராவில் 10 விநாடி வைத்தேன். மங்கிய வெளிச்சத்தில் அசைந்தால் படம் கலங்கும் என்று அலுமாரியில் தலையையும் தோளையும் சாய்த்துக்கொண்டேன்.

இருபதாவது படம்தான் சரிவந்தது. ஆனால் அது என் முகம் போலவே இல்லை. கண்ணாடி இடம்வலமாக மாற்றிக் காட்டுவதைத்தான் இத்தனை வருடமும் என் முகமென்று நினைத்திருக்கிறேன். அழிக்கப் போனவன், அப்படியே அனுப்பினேன்.

நெடுநேரம் பதிலில்லை.

அப்பா இறந்த மறுவருடம், 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அல்பங்களும் போயின. அவருடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இரவு அம்மாவின் குரல்பதிவு வந்தது. "கொப்பரும் இப்பிடித்தான் மோனை, தலையை ஒருபக்கம் சரிச்சுக்கொண்டு நிப்பார். இதைச் சட்டம் போட்டு மாட்டட்டோ?"

"மாட்டுங்கோ அம்மா" என்றேன். யாருடைய படமாக என்று கேட்கவில்லை.