கோடி வீட்டுப் பெரியவர்

சித்திரைப் பிறப்பன்று புதுக்கோட்டையில் எங்கள் வீதியெங்கும் மாங்காய்ப் பச்சடியும் பாயசமும் மணக்கும். கோடி வீட்டுப் பெரியவர் மட்டும் இலைமுன் உட்காருவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்பார். இளமையில் பட்டாளத்திலும், பின்னர் ஓய்வு பெறும்வரை தீயணைப்புப் படையிலும் உத்தியோகம் பார்த்தவர் அவர்.

சித்திரைப் பிறப்பு பெரும்பாலும் வருகிற அதே ஏப்ரல் 14-ந் தேதியன்றுதான், 1944-ம் வருஷம், பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிகீன்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே பஞ்சுப் பொதிகளோடு யுத்தத்துக்கான வெடிமருந்தும் இருந்தது. அவிக்கச் சென்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் வெடிப்பில் மாண்டனர். நம் தேசத்தின் தீயணைப்புச் சேவை தினம் அதுவே.

"பட்டாளத்தில் எதிரி இன்னாரென்று தெரியும், தம்பி. இங்கே புகைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமலே நுழைய வேண்டும்" என்பார். அவரை வீரரென்று யாராவது புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில், பள்ளிச் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் பலியானார்கள். நான் அப்போது புதிதாக உபாத்தியாயர் வேலைக்கு வந்தவன். அந்த வாரம் பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, உங்கள் வகுப்புக் கதவு முழுவதும் திறக்குமா? வெளியேற வேறு வழி உண்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாயிருந்தது. போய்ப் பார்த்தேன். பின்னால் அடுக்கியிருந்த உடைந்த பெஞ்சுகள் தடுத்ததால் கதவு பாதிதான் திறந்தது. அன்றே மாணவர்களோடு சேர்ந்து அவற்றை அகற்றினேன்.

சென்ற வருஷம் அவர் காலமானார். இந்தச் சித்திரைப் பிறப்பன்று என் இலைமுன் நானும் நின்றேன். மறுபடி பள்ளி திறந்ததும், பாடம் தொடங்குவதற்கு முன் கதவை முழுவதும் திறந்து பார்த்தேன்.